‘நாளைக்கு வாங்க’ – அறுபத்திரண்டாவது கிளை

ஹலோ... ஆமா... ஆமா ஆமா, ஆல்ட்ரேஷன் கடைதான். சொல்லுங்க, பேன்ட்டா, சட்டையா?... ரெண்டும் இல்லயா... ஓ, கம்பெனிலேர்ந்தா. ‘நாளைக்கு வாங்க’ கம்பெனியா. ஒரு நிமிஷம்மா, வாயில குண்டூசி இருக்கு, எடுத்துக்கறேன்... ம், எடுத்துட்டேன். இப்போ சொல்லுங்க.

இல்லம்மா, கேக்குது. நான்தான் மெதுவா பேசறேன். எங்க வீட்டுக்காரர் பின்னாடி நாற்காலில தூங்கிட்டிருக்காரு. உங்க கிளை ஒன்ன எடுத்து நடத்த, அதான் ஃப்ரான்சைஸுக்கு, நான் விண்ணப்பம் போட்டது அவருக்குத் தெரியாது... சேச்சே, பயமெல்லாம் இல்ல. தெரிஞ்சா மட்டும் என்ன பண்ணிடப் போறாரு. ஒரு கண்ணத் திறந்து பாத்துட்டு மூடிக்குவாரு. அந்த ஒரு கண்ணுக்கு எதுக்கு சிரமம்னுதான் சொல்லல.

என்னது, தேர்வா?... போன்லயேவா?... தயார்நிலைத் தேர்வு. சரி... சரி... எழுபது எடுத்தாத்தான் பாஸா. எடுக்கலன்னா?... ம்... அந்த இன்னொருத்தருக்குப் போயிடும். லெட்டர்லயே போட்டிருந்தீங்களே, ‘மிகவும் ஆர்வமுள்ள மற்றொரு விண்ணப்பதாரர்’னு. அதத் திரும்பத் திரும்பப் படிச்சே லெட்டர் மடிப்புல கிழிஞ்சுடுச்சு... இன்னிக்கேவா? அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லணுமா? இப்போ மணி நாலு பத்து ஆகுதேம்மா... சரி கேளுங்க. கேளுங்க, நான் தயார்தான்.

இருங்க, அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கேள்வி. கேக்கலாமா? நீங்க அனுப்பின கையேடு வந்துது. முன்னூத்திப் பன்னெண்டு பக்கம். ரெண்டு மத்தியானம் உக்காந்து... உக்காந்துனு ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நின்னுக்கிட்டுதான் படிச்சேன். நாலாவது பக்கத்துல, ‘கடைக்காரர் வாயில் ஆறு குண்டூசிகளுடன் பேச வேண்டும்; ஏழாவது கூடாது’னு இருந்துது. அட, நம்மள மாதிரியே இன்னொரு பைத்தியமும் இருக்குபோலனு நினைச்சுக்கிட்டேன். ஒன்பதாவது பக்கத்தத் திருப்பினா ஒரு வரைபடம். மிஷின் எங்க, வாசல் பெஞ்சு எங்க, நூல்கண்டு அலமாரி எங்க, சுவத்துல ஈரம் ஊறின இடம் எங்க. அம்மா, அது என் கடைம்மா.

ஆமா... ஆமா... அதத்தான் கேக்கறேன்... ‘மூலக்கடை’யா? எனக்கு அப்படி ஒரு பேரு வெச்சிருக்கீங்களா?... எல்லாருக்கும் தெரியுமா. எனக்குத்தான் தெரியலபோல.

புரியுது... என் கடையப் பாத்துத்தான் உங்க எல்லாக் கிளையுமா... புரியுது. ஏழு வருஷம் முன்னாடி ஒருத்தர் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. ஒரே ஒரு பேன்ட், அடி மடிக்கணும். அதுக்கு மூணு வாரம் தெனமும் வந்து வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. நான் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கனு சொல்றேன், பாவம் மனுஷன் நம்பி வர்றாருனு நினைச்சேன். நோட்டுல எதையோ எழுதிக்கிட்டே இருப்பாரு. காதல் தோல்வியா இருக்கும்னு விட்டுட்டேன். கடைசி நாள் ஒரு தாள நீட்டி கையெழுத்து கேட்டாரு. பேன்ட் வாங்கிக்கிட்டதுக்கு அவருதான போடணும், நம்மள எதுக்குக் கேக்கறாருனு ஒரு நொடி தோணுச்சு. வாசல்ல நாலு பேரு நிக்கறாங்க. போட்டுக் குடுத்துட்டேன்... ஓ... அவருதான் உங்க முதலாளியா. நல்லா இருக்காரா?... பேன்ட் சரியா இருந்துதாமா?

ஒரு கால் நீளமா?... இடது கால். அரைவிரல் நீளம்... அதயும் கையேட்டுல போட்டுட்டாரா? அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரல. அறுபத்தோரு கிளைலயும் இடது கால அரைவிரல் நீளமா மடிக்கறாங்களா? ஏம்மா, அது முறையில்லம்மா, அது தப்பு. அன்னிக்கு எனக்குத் தலவலி... என்ன சொல்றீங்க? ஜனங்க அதுக்காகவே தேடி வர்றாங்களா. நல்ல ஜனங்க.

சரி, கேள்விய ஆரம்பிங்க.

ம்... ம்... ‘வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன துணிக்கு வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமையே வந்து நிற்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ இதென்ன கேள்வி. துணி ரெடியா இருக்கும், எடுத்துக் குடுத்துடுவேன்... தப்பா?... என்ன தப்பு?... ‘எந்த வெள்ளிக்கிழமைனு நான் சொன்னனா?’ அப்படிக் கேக்கணுமா.

ஆமா, சொல்லியிருக்கேன். சொல்லியிருக்கேன்மா, இல்லனு சொல்லல. அது ஏழு வருஷம் முன்னாடி. அப்போ நான் எல்லார்கிட்டயும் சள்ளுபுள்ளுனு விழுவேன். அப்புறம் ரத்தக்கொதிப்பு வந்து டாக்டர் மாத்திரை குடுத்தாரு. இப்பல்லாம் கோவம் வர்றதேயில்ல. நேரத்துக்குத் துணிய முடிச்சுடறேன், வர்றவங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்கறேன்... அதுக்கும் மார்க் குறைப்பீங்களா? தண்ணி குடுத்ததுக்கா? எத்தன மார்க்?... மூணு. சரி, போகட்டும்.

அடுத்தது... கடிகாரமா? சரியா ஓடுது... இல்லம்மா, பத்து நிமிஷம் பின்னாடி ஓடினது பழைய பேட்டரி. மாத்திட்டேன்... மாத்தக்கூடாதா. பேட்டரி போனா மாத்தாம... அறுபத்தோரு கடிகாரத்தயும் பத்து நிமிஷம் பின்னாடி வெச்சு ஓட்டறீங்களா? அப்போ உங்க ஆளுங்க வீட்டுக்குப் போற பஸ்ஸு?... தெனமும் போயிடுதா. அது அவங்க சம்பளத்துலயே சேர்த்தியா. நல்லது.

மேல கேளுங்க... ஐயோ, அந்தக் கவுண்டர்ல இருந்த சுட்ட கறையா? இஸ்திரிப் பெட்டிய வெச்சிட்டு போன் பேசப் போயிட்டேன், அதுல வந்தது. பாக்க அசிங்கமா இருக்குனு மேல ஒரு தகடு ஒட்டிட்டேன்... அதுக்கு நாலு மார்க்கா? இருங்க, இருங்க. எல்லாக் கிளைலயும் அதே இடத்துல சுடறீங்களா?... அதுக்குனு தனியா ஒருத்தர் வருவாரா. ஒவ்வொரு புதுக் கடைக்கும் வந்து, பெட்டியச் சூடு பண்ணி, கவுண்டர்ல வெச்சிட்டு, வெளில போய் யாருக்காவது போன் பண்ணிட்டு வருவாரா? யாருக்குப் பண்ணுவாரு?... அவரோட அக்காவுக்கா. ஓகோ. அது என்னோட பழக்கம் இல்ல, அது அவரே சேர்த்துக்கிட்டது. எழுதிக்கங்க.

அடுத்தது... இல்ல, அதுவும் மாத்தியாச்சு... ம்... அதுவும்தான்... என்னம்மா, எனக்கு மார்க் ஏறுதா இறங்குதா?... பதினாலா. பத்து கேள்விக்கா.

இருங்க, கடைக்கு ஆள் வந்திருக்காங்க... வாங்க. சட்டையா? குடுங்க பாக்கலாம். கையச் சுருக்கணுமா? எவ்வளவு?... இங்க வரைக்குமா. சரி. வியாழக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்... கண்டிப்பா இருக்கும்... பாத்துப் போங்க, படி வழுக்கும்... ஹலோ, இருக்கீங்களா?... கேட்டுட்டிருந்தீங்களா? அதுக்கு வேற அஞ்சு மார்க் போச்சா. ‘பாத்துப் போங்க’னு சொன்னது தப்பா? விழுந்து தொலைச்சாங்கன்னா யாரும்மா பொறுப்பு?

ஏம்மா, உண்மையச் சொல்லுங்க. என் கடைய நான் நடத்தறதுக்கு நான் தகுதியில்லனு வருதா கணக்கு?... நீங்க நல்லவங்கதான், உங்க மேல கோவம் இல்ல. மாத்திரை போட்டிருக்கேன். ஆனா என் நெலமையக் கொஞ்சம் யோசிங்க. எங்க கடைக்கு எதுத்தாப்புல பூட்டிக் கெடந்த செருப்புக் கடைய நீங்க எடுத்துட்டீங்க. பலகைகூட மாட்டியாச்சு, துணி போட்டு மூடி வெச்சிருக்கு. நான் வாங்கலன்னா அந்த இன்னொருத்தர் வாங்கிடுவாரு. அப்புறம் ஒருநாள் காலைல நான் ஷட்டரத் தூக்கினா எதுத்தாப்புல நான் நிப்பேன். என்னை விட நல்லா நிப்பேன். என்னை விட நல்லா திட்டுவேன். இருக்கற பத்து வாடிக்கையும் அங்க போயிடும். இருபத்தாறு வருஷம்மா. இந்த ஒன்ன விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது. பொண்ணு படிப்புக்குனு வெச்சிருக்கறத எடுத்துத்தான் உங்களுக்குக் கட்டணும். அதுக்கும் துணிஞ்சுட்டேன். கேளுங்க, கேளுங்க, அழுவல.

ம்... ‘கடையின் மூலையில் உள்ள நாற்காலி.’ இருக்கு. மரத்துல... ஆமா, பிரம்பு பின்னினது. ஒரே ஒரு நாற்காலிதான், அதுல ஆள் இருக்காரு... எப்பவும்தான். இப்போகூடத் தூங்கறாரு... குறட்டையா? இல்ல, சத்தம் வராது. லேசா வாய் திறந்திருக்கும், தல இடது பக்கம் சாஞ்சிருக்கும்... பத்துக்குப் பத்தா? அதுக்கு முழு மார்க்கா? உயர மேசையில மிஷின வெச்சு நான் பன்னெண்டு மணி நேரம் நின்னே தைக்கறதுக்கு மார்க் இல்ல, அவரு தூங்கறதுக்குப் பத்தா.

உங்க மத்த கிளைல அதுக்கு என்ன பண்றீங்க?... வேலைக்கு ஆள் வெச்சிருக்கீங்களா. ‘உறங்குநர்’. பதவி பேரே அதுவா. ரெண்டு ஷிஃப்டா... இருங்க, இருங்க, அவருக்கு மதிய இடைவேளை உண்டா? எதுக்கு?... நடந்துட்டு வர்றதுக்கு. ஆமா, மனுஷன்தான, எவ்வளவு நேரம்தான் தூங்குவாரு. லீவு உண்டா?... உடம்பு சரியில்லன்னா சம்பளத்தோட லீவு. எங்க வீட்டுக்காரர் அந்த வேலைய இருபத்தாறு வருஷமா சும்மாவே பாத்துட்டிருக்காரும்மா. ஒருநாள் லீவு போட்டதில்ல.

அடுத்து... மேசைக்கு அடியிலயா?... ஆமா. அப்போ எங்க பொண்ணுக்கு ஒன்பது வயசு. ஸ்கூல் விட்டு வந்து வெட்டு மேசைக்கு அடியில உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவா. துணி துண்டு எல்லாத்தயும் குமிச்சு அது மேல உக்காந்துக்குவா. இப்போ பதினாறு. வேற ஊர்ல ஹாஸ்டல்ல இருக்கா. அவ உயரத்துக்கு இப்போ அந்த மேசைக்கு அடியில முழங்காலே போகாது... அதுக்கு எட்டு மார்க் போயிடுமா. போகட்டும். அவளத் திரும்பக் குட்டையாக்கவா முடியும்.

உங்க கிளைல யாரு உக்காருவாங்க?... இல்ல, அது தப்பும்மா, கொழந்தைய வேலைக்கு... ஓ. கொழந்த இல்லயா. முப்பத்திநாலு வயசா? குள்ளமா இருப்பாங்களா. ரெட்டைப் பின்னல் போட்டுக்கிட்டு, புத்தகப் பையோட. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு. எத்தன மணிக்கு வருவாங்க?... நாலரைலேர்ந்து ஆறு. வாய்விட்டு சொல்லிக்கிட்டே எழுதுவாங்களா?... கணக்கத் தப்பாப் போடுவாங்களா?... வேணும்னே தப்பாப் போடுவாங்க. ஏழாம் வாய்ப்பாடு மட்டும்... ஆமா. ஆமாம்மா. அதுலதான் தடுமாறுவா.

இல்ல, ஒன்னுமில்ல. கையேட்டுல அந்தப் பக்கத்தப் படிச்சப்போ மேசைக்கு அடியில குனிஞ்சு பாத்துக்கிட்டேன். இந்த ஒரு பக்கத்துக்காகவே வாங்கிடலாமான்னுகூட நினைச்சேன். போன வாரம் போன் பண்ணினா, ‘அப்புறம் பேசறேம்மா’னு வெச்சிட்டா. அந்த முப்பத்திநாலு வயசு அம்மாவுக்கு வீட்ல பிள்ளைங்க இருக்கா?... ரெண்டா. அதுங்களுக்கு யாரு வாய்ப்பாடு சொல்லித் தர்றாங்க... அதுவும் சரிதான், உங்களுக்கு எப்படித் தெரியும்.

மிச்சத்தயும் ஒன்னொன்னா கேளுங்க... ம்... இல்ல... அதுவும் இல்ல... கடைசிக் கேள்வியா, ஏன் வாங்கறேனா? வேற யாரும் வாங்கிடக்கூடாதுனுதான்... எவ்வளவு வந்திருக்கு இப்போ?... முடிஞ்சுதா? முப்பது கேள்வியும் ஆயிடுச்சா. சொல்லுங்க. மென்னு முழுங்காதீங்க... நாப்பத்தொன்னு.

நாப்பத்தொன்னு. அதுல பத்து அவரு தூங்கினது.

பயிற்சியா?... பதினோரு நாள். எங்க?... ஒன்பதாவது கிளைல. யாரு சொல்லித் தருவாங்க?... என்னை மாதிரி இருக்கறது எப்படினு எனக்குச் சொல்லித்தர ஒரு அம்மா இருக்காங்களா. நல்லா திட்டுவாங்களா?... முன்னாடி என்ன வேலை பாத்தாங்க?... பல் ஆஸ்பத்திரில ரிசப்ஷனா. அப்போ திட்டுவாங்க. என்னைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?... என்னது, நான் கோவமா இருக்கும்போது கத்தரிய எந்தக் கையில பிடிப்பேன்னு தெரியுமா? எந்தக் கையில?... இருங்க... ஆமா, இடது கை. எனக்கே இப்போதான் தெரியுது.

பதினோரு நாள் கடைய மூடிட்டு எப்படி வருவேன். இவர நம்பி விட்டுட்டு வர முடியுமா? ஷட்டர எந்தப் பக்கம் தூக்கணும்னுகூட இவருக்குத் தெரியாது.

அந்த இன்னொருத்தர் எவ்வளவும்மா? மார்க்கு. சொல்லக்கூடாதா... பேரு வேணாம், மார்க்க மட்டும் சொல்லுங்க. கடைசியா ஒரு தடவ மனசக் கல்லாக்கிக்கறேன்... தொண்ணூத்தொன்னா.

யாரும்மா அது? இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத தையக்காரி யாரு?... ஆம்பளயா. அதுவும் ஆம்பளயா. எத்தன வருஷமா தைக்கறாரு?... தைக்கத் தெரியாதா? ஊசில நூல் கோக்கக்கூடத் தெரியாதா? அப்புறம் எப்படிம்மா தொண்ணூத்தொன்னு போடுவீங்க?... ஒன்பது மார்க் போனதே அந்த ஊசிலதானா. மத்ததெல்லாம் முழுசா. ஊரு உலகத்துல இல்லாத அதிசயமா இருக்கே. நேர்ல வந்தா எழுதினாரு?... வாயாலயே சொன்னாரா... கண்ண மூடிக்கிட்டா? கண்ண மூடிக்கிட்டே முப்பது கேள்விக்கும் பதில் சொன்னாரா. சாமியாரா அவரு?

எப்போ வந்தாரு?... செவ்வாக்கிழமை. பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போனாரா... ம். செவ்வாக்கிழமை எங்க வீட்டுக்காரர்கூட முடி வெட்டப் போயிருந்தாரு. மூணு மணி நேரம். திரும்பி வந்தப்போ முடி வெட்டாம அப்படியேதான் இருந்துது. கேட்டதுக்கு கூட்டம்னு சொன்னாரு.

...

ஏம்மா. அந்த ஆளோட விலாசத்த மட்டும் ஒருவாட்டி படிங்க... படிங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்... பதினேழு... ம்... தையக்கடை மாடி... அது என் வீடும்மா. அந்தத் தையக்கடை இதுதான். நான் நின்னு பேசிட்டிருக்கற கடை.

...ரெண்டு விண்ணப்பத்துலயும் ஒரே விலாசம் இருந்துது, யாருமே பாக்கலயா? பாத்தீங்களா? பாத்துட்டு?... ஒரே வீட்ல ரெண்டு போட்டிக் குடித்தனம்னு நினைச்சீங்களா.

லைன்லயே இருங்க.

ஏங்க... ஏங்க. எந்திரிங்க... நடிக்காதீங்க. தூங்கறவங்க கண்ண இவ்வளவு இறுக்கி மூட மாட்டாங்க... ஹலோ, இல்லம்மா, உங்களச் சொல்லல. அவரு திறக்க மாட்டேங்கறாரு. இப்போ குறட்டை வேற விடறாரு. இருபத்தாறு வருஷத்துல விட்டதில்ல.

நீங்க அவரு சொன்ன பதிலப் படிங்க. அந்த வெள்ளிக்கிழமை கேள்வி... ம்... ‘எந்த வெள்ளிக்கிழமைனு நான் சொன்னனா’னு சொல்றதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு இழுக்கணும்னு சொன்னாரா. சொல்லிட்டு கவுண்டர ரெண்டு தட்டு தட்டணும்... ஆமா, தட்டுவேன். மோதிரம் போட்ட விரலால. அதுவுமா?... கடிகாரம்... இஸ்திரிப் பெட்டி... அன்னிக்கு நான் யார்கிட்ட பேசினேன்னுமா? என் அண்ணிகிட்ட, ஆமா, அவங்களுக்கு உடம்பு சரியில்லாம இருந்தப்போ. அதெல்லாம் உங்க முதலாளிக்கே தெரியாதேம்மா.

ஏங்க, அப்போ நீங்க தூங்கவே இல்லயா? இத்தன வருஷமா கண்ண மூடிக்கிட்டு எல்லாத்தயும் கேட்டுட்டா இருந்தீங்க? ஜிப்பு சிக்கிக்கிட்டு நான் தனியா மல்லுக்கட்டறேன், கேட்டுட்டு இருந்தீங்க. மூட்டையத் தூக்க முடியாம மொனகறேன், அதயும் கேட்டுட்டு இருந்தீங்க. எந்திரிச்சு ஒரு கை குடுக்கத் தோணல, போய்த் தொண்ணூத்தொன்னு வாங்கியிருக்கீங்க... மாத்திரை எங்க வெச்சேன். இன்னிக்கு ரெண்டு போடணும்.

ஹலோ... இருக்கேன். சொல்லுங்க... கடைசிக் கேள்வியா? எனக்குக் கேட்டீங்களே, ‘இந்தக் கிளையை ஏன் வாங்க விரும்புகிறீர்கள்?’ நான் என்ன சொன்னேன்?... ‘வேற யாரும் வாங்கிடக்கூடாது’னு. ம். அதுக்கு அவரு என்ன சொன்னாரு?... எழுதியே குடுத்தாரா. படிங்க. மெதுவாப் படிங்க.

...‘என் மனைவிக்கு மாலையில் கால் வீங்குகிறது’... ம்... ‘கடையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன்’... ம்... ‘அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புதுக் கடை எனக்குக் கிடைத்தால் கவுண்டரில் நான் நிற்பேன். அங்கே இரண்டாவது நாற்காலி போட அனுமதி உண்டா என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.’

...

உண்டா?... இல்லயா. கையேட்டுப்படி ஒன்னுதானா. சட்ட ஆலோசகர் வரைக்கும் கேட்டுப் பாத்தீங்களா. சரி.

ஏங்க. எந்திரிச்சுக் குடுத்திருக்கலாமே. ஒரு நாற்காலிலேர்ந்து எந்திரிக்கறதுக்கு எதுக்குங்க விண்ணப்பம், எதுக்கு அறுபத்திரண்டாவது கிளை, எதுக்கு எதுத்தாப்புல ஒரு கடை?... என்னது?... வாயத் திறந்து சத்தமாச் சொல்லுங்க... நான் கேக்கலயா. கேட்டாத்தான் குடுப்பீங்களா... கேக்க பயமா? யாரப் பாத்து?... நான் சள்ளுனு விழுவேன்னு. ‘என்ன ஒரேயடியா அக்கறை’னு கேப்பேன்னு பயந்துக்கிட்டு, அத்தன பெரிய ஆபீஸுக்குப் போய் முப்பது கேள்விக்குப் பதில் சொல்லிட்டு வந்தீங்களாக்கும். அங்க பயமா இல்லயா... இருந்துதா. அதான் கண்ண மூடிக்கிட்டீங்களா.

ஹலோ, மன்னிச்சுக்கம்மா, வீட்டு விஷயம்... பணமா? அதுவும் கேக்கறேன். ஏங்க, பணத்துக்கு எங்க போவீங்க?... பொண்ணு படிப்புக்கு வெச்சதா. அத நான் ஏற்கனவே எடுக்கறதா இருக்கேங்க. ஆமா, நானும்தான் போட்டேன் விண்ணப்பம். நான்தான் அந்த இன்னொருத்தர். உங்க லெட்டர்லயும் அப்படித்தான் எழுதியிருந்துதா, ‘மிகவும் ஆர்வமுள்ள’னு?... நீங்களும் அத மடிப்பு கிழியற வரைக்கும் படிச்சீங்களா. நீங்க என்னைப் பாத்து பயந்தீங்க, நான் உங்களப் பாத்து பயந்தேன். ஒரே வீட்ல, ஒரே பாய்ல.

ஏம்மா, ஒன்னு உண்மையச் சொல்லணும். எங்க ரெண்டு பேரத் தவிர வேற யாராவது இந்தக் கடைக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்களா?... நல்லாப் பாருங்க... யாருமே இல்லயா. ஒருத்தர்கூடவா... வெறும் நாங்கதானா.

சேர்ந்து போடலாமா? கூட்டா?... அதுக்கு சராசரி எடுப்பீங்களா. நாப்பத்தொன்னும் தொண்ணூத்தொன்னும்... அறுபத்தாறு. நாலு மார்க் கம்மி. ரெண்டு பேரும் பயிற்சிக்கு வந்தா அந்த நாலு ஏறிடுமா. நான் அந்தப் பல் ஆஸ்பத்திரி அம்மாகிட்ட, இவரு ஊசி கோக்கறதுக்கு... மணி என்ன உங்களுக்கு?... நாலு அம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் இருக்கு.

யாரோ வர்றாங்க... ஏங்க, நீங்க போங்க. ஆமா, நீங்கதான். கவுண்டருக்குப் போங்க. அங்க தொண்ணூத்தொன்னு வாங்கினீங்கல்ல, இங்க பத்து எடுத்துக் காட்டுங்க... டேப்பு கழுத்துல போட்டுக்கணும், இடுப்புல இல்ல... போங்க.

இல்லம்மா, இருக்கேன். நான் இங்க பின்னாடி வந்துட்டேன், அங்க இடிக்கும். இருங்க, எங்க நிக்கறதுனு பாக்கறேன்... உக்காரவா? அதுவும் சரிதான். யாரும் இல்லாமத்தான கெடக்கு.

...

அம்மாடி.

இல்ல, ஒன்னும் ஆகல. உக்காந்தேன். இது இவ்வளவு பள்ளமா இருக்கும்னு எனக்குத் தெரியாது, அப்படியே உள்ள வாங்கிக்குது. ஒரு பக்கம் மனுஷன் சூடு இன்னும் இருக்கு.

அங்கயா? ஒருத்தர் கோட்டு கொண்டாந்திருக்காரு. பித்தான் அறுந்துடுச்சுபோல. இவரு கோட்ட வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறாரு. என்னத்தப் பாக்கறாரோ, பித்தான் இல்லாத இடத்தப் பாக்கறாரு. அவருகிட்ட ஏதோ கேட்டாரு... இப்போ மூச்சு இழுக்கறாரும்மா. மூக்கால. சொல்லப்போறாரு பாருங்க... ‘நாளைக்கு வாங்க’ன்னுட்டாரு. பித்தான் தைக்க நாளைக்காம். ரெண்டு நிமிஷ வேலை. அந்த ஆளும் சரிங்கனு போறாரு. நல்லாத்தான் சொல்றாரு. நான் இவ்வளவு நிதானமா சொல்லியிருக்க மாட்டேன்.

இங்கேர்ந்து பாத்தா கடை வேற மாதிரி இருக்கும்மா. தெரு தெரியல. எதுத்தாப்புல இருக்கற உங்க பலகைகூடத் தெரியல. கவுண்டர்ல நிக்கறவங்க முதுகு மட்டும்தான் தெரியுது. இவருக்கு கண்ணத் திறந்தா இதுதான் தெரிஞ்சிருக்கும், இத்தன வருஷமும். என் முதுகு. அதான் மூடிக்கிட்டாரோ என்னவோ... இல்ல, சிரிக்கல. கண்ணுல ஏதோ தூசி.

ம்... முடிவா?... ஆமா, மணி ஆயிடுச்சுல்ல. வேணாம்மா. ரெண்டயும் கிழிச்சிடுங்க. என்னோடதயும் அவரோடதயும்... யோசிச்சுத்தான் சொல்றேன். அந்தக் கடை சும்மா கெடந்தா கெடக்கட்டும். இல்ல, வேற யாராவது வந்து என்னை மாதிரி நின்னாலும் நிக்கட்டும். நிக்கறது ஒன்னும் பெரிய சுகமில்லனு அவங்களுக்கும் ஒருநாள் தெரியும். பொண்ணு காசு பொண்ணுக்கே இருக்கட்டும்.

ஃபாரத்துல எழுதணுமா? ‘விண்ணப்பதாரர் தயார் இல்லை’... எழுதுங்க, எழுதுங்க. நாங்க தயாரில்லதான். காரணமா?... காரணம் கட்டாயம் போடணுமா... ம்... நாற்காலி கெடைச்சிடுச்சுனு போட்டுக்கங்க.

இல்லம்மா, அவசரம் இல்ல, நீங்க சொல்லவேண்டியதச் சொல்லுங்க. விதிமுறைல இருக்குன்னா படிச்சுத்தான ஆகணும். படிங்க... ம்... ம்... வாபஸ் பெறும் பட்சத்தில்... ம்... எத்தன பக்கம் இருக்கு?... ஒன்பதா. நல்லது, மெதுவாவே படிங்க... ஏங்க, அந்தக் கத்தரிய எடுக்காதீங்க, அது துணிக்கு. காகிதத்துக்கு வேற இருக்கு, கீழ பாருங்க... ம்... சொல்லுங்கம்மா... இல்ல இல்ல, முழிச்சிட்டுதான்... ம்... ஆமா... இணைப்பு ரெண்டு... ம்...

கேட்டுட்டுதான்மா இருக்கேன்... ம்...

ம்...